பதினாலாம் கேள்விக்குச் சான்று

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தின் உச்சியில் இருந்த பதினாலாவது கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் அந்த ஊர் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. வந்து பதினோரு மாதமாகியும் டீச்சர் அந்த எழுத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்துத்தான் படிப்பாள். விரல் வைத்துப் படித்தாள். ‘சான்று’ என்று இருந்தது.

அட, இவ்வளவுதானா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

மூச்சு நின்றிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கென்று அந்த ஊரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுப்பார்கள். அது காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அட்டை இருந்தால்தான் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். அனுமதி இருந்தால்தான் வேலை. வேலை இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். முப்பதாம் தேதியோடு அனுமதி முடிகிறது. அன்று தேதி ஒன்பது.

போனால் போகட்டும், சொந்த ஊரில் வீடு வாசல் இல்லையா என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்த பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே ஒரே கூடத்தில் நாலு வகுப்பு நடக்கும். நாலு டீச்சர்களும் ஏலம் போடுகிற மாதிரி கத்துவார்கள். வீட்டில் புருஷன் இருக்கிறார், மாமியார் இருக்கிறாள். இல்லாதது ஒரு மூடிய கதவுதான். இங்கே வாடகை அறைக்கு ஒரு சாவி, பள்ளியில் அவள் மேசைக்கு ஒரு இழுப்பறை, அந்த இழுப்பறைக்கு ஒரு சாவி. நாற்பத்தொன்பது வயதில், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்கும் மனிதர்களை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். கிளம்பும்போது வீட்டுக்காரர், “மூணு மாசம் தாங்குவியா? அப்புறம் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்துருவே” என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார். பதினோரு மாதம் தாங்கியாயிற்று. இப்போது ஒரு காகிதத்தால் திரும்பிப் போவதா?

அதனால்தான் ‘சான்று’ என்பதைப் பார்த்ததும் நிம்மதி. பதினாலாவது கேள்வி இங்கிலீஷில் இப்படிக் கேட்டது: நீங்கள் பாஸ் அவுட் ஆகியிருக்கிறீர்களா, ஆமென்றால் எந்தெந்த வருஷம்? டீச்சர் மணிமணியான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள்: ‘ஆம். மூன்று முறை. மூன்றும் முதல் வகுப்பு.’ வருஷங்களையும் வரிசையாகப் போட்டிருந்தாள். பி.ஏ. ஒன்று, எம்.ஏ. ஒன்று, பி.எட். ஒன்று. சான்று கேட்கிறார்கள், நியாயம்தானே. மறுநாளே மூன்று பட்டத்துக்கும் நகல் எடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடிக்க ஆசிரியர் அறைக்குப் போனாள்.

அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. சரியாகச் சொன்னால், நின்றுகொண்டிருந்தது. ஆறரை அடி உயரம்.

அவரும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான்; ஆனால் அவருக்கு அது அம்மா பேசிய பாஷை. டீச்சர் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒட்டகச்சிவிங்கி, சுருக்கமாக ஒட்டகம். தங்கமான மனுஷன். உதவி செய்யாமல் அவரால் இருக்க முடியாது. ஊரில் பாதிப் பேர் கெடுவது அப்படிப்பட்டவர்களால்தான்.

ஒட்டகம் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கவே வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும். படித்தார். மெதுவாக அவள் கையிலிருந்த ஸ்டேப்ளரை வாங்கி மேசையில் வைத்தார். சூடான தேநீர்க் கோப்பையை அவள் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்.

“மேடம், முதல்ல உட்காருங்க.”

“ஏன் சார்?”

“மூணு தடவைதானா? அதுக்கப்புறம் வரலையா?”

“அதுக்கப்புறம் எதுக்கு சார்? மூணு போதும்னு விட்டுட்டேன்.”

“வீட்டுல ரொம்பப் பயந்திருப்பாங்களே.”

“பயமா? எங்கப்பா தெருவையே கூப்பிட்டுச் சொன்னார். நாலாவதும் ஒண்ணு பண்ணும்மான்னார்.”

ஒட்டகம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு, பெரிய வியாதியைச் சொல்லும் டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பாஸ் அவுட் என்றால் நினைவு தப்பி மயங்கி விழுவது. படித்து முடிப்பதற்கு வேறு வார்த்தை இருக்கிறது.

டீச்சர் நம்பவில்லை. அலமாரியில் இருந்த தலையணை கனத்து அகராதியை இறக்கிப் புரட்டினாள். மயங்கி விழுதல் என்றுதான் போட்டிருந்தது. அவள் நினைத்த அர்த்தமும் இருந்தது; கடைசியில், பொடி எழுத்தில், பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் என்று.

இருபத்தாறு வருஷமாக, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக் கடைசியில் மேடையில் நிறுத்தி, ‘நீங்கள் எல்லோரும் ஒருவர் பாக்கியில்லாமல் பாஸ் அவுட் ஆக வேண்டும், அதைக் கண்டு இந்தப் பள்ளி பெருமைப்பட வேண்டும்’ என்று வாழ்த்தியிருக்கிறாள். பிள்ளைகளும் கை தட்டியிருக்கின்றன.

விண்ணப்பத்தை மறுபடி படித்தாள். முதல் பக்கத்தில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, பதின்மூன்றாவதாக ஆப்பரேஷன் நடந்ததுண்டா. பக்கத்தைத் திருப்பினால் பதினாலு. மூன்று முறை மயங்கி விழுந்தேன், மூன்றும் முதல் வகுப்பு. பதினைந்து, எத்தனை வருட அனுபவம். இருபத்தாறு வருடம் என்று எழுதியிருந்தாள். பதினாறு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. ‘தற்போது பிறருக்கும் பயிற்சி அளித்து வருகிறேன்.’

ஒட்டகம் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. தோள் மட்டும் குலுங்கியது.

இனி என்ன செய்வது? இங்கிலீஷ் தெரியாமல் தப்பாக எழுதிவிட்டேன் என்று போய்ச் சொல்ல முடியுமா? இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தானே விமானம் ஏற்றி வரவழைத்திருக்கிறார்கள். மயக்கக்காரி என்று தெரிந்தால்கூட மருந்து கொடுப்பார்கள். இங்கிலீஷ் வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தெரிந்தால் என்ன கொடுப்பார்கள்? ஒட்டகத்திடம், வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பட்ட நகல்களைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தாள். மயக்கத்துக்குச் சான்றாகப் பட்டத்தைக் கொடுக்கப் போனோமே என்று நினைக்க நினைக்க அவளுக்குக் காது சுட்டது.

அன்று சாயங்காலமே ஒரு கடிதம் எழுதினாள். ‘பதினாலாம் கேள்விக்கு நான் எழுதிய பதில் தவறு. நான் என் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பாஸ் அவுட் ஆனதில்லை.’ அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

காப்பீட்டு அலுவலகம் மூன்றாவது மாடியில். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பிணைத்திருந்தார்கள்; ஒருவர் உட்கார்ந்தால் எட்டுப் பேர் ஆடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குக் கழுத்து சுளுக்கு, பட்டை போட்டிருந்தார். தலை திரும்பாது, யாரைப் பார்ப்பதானாலும் கோபுரக் கதவு திறக்கிற மாதிரி ஆள் முழுதாகத் திரும்புவார். அவருக்குப் பக்கத்தில் நகல் எடுக்கும் இயந்திரம். அதன் பக்கத்தில், அந்த இயந்திரத்துக்கும் மூத்தவளாக ஒரு அம்மாள்.

கழுத்துப்பட்டைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. டீச்சருக்கோ அந்த ஊர் பாஷையில் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியது தெரியும். மயக்கத்துக்கு என்ன வார்த்தை என்று தெரியாது. அதனால் இருவரும் ‘பதினாலு, பதினாலு’ என்றே பேசிக்கொண்டார்கள். அவர் கடிதத்தை வாங்கி, படிவத்தில் இருந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளையும் கடிதத்தில் இருந்த இரண்டு வார்த்தைகளையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். ‘இல்லை’ என்பது மட்டும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ். நிமிர்ந்தார்.

“பதினாலுக்கு ஒண்ணுகூட இல்லையா?”

“ஒண்ணுகூட இல்லைங்க.”

“மூணுன்னு எழுதியிருந்தீங்களே.”

“தெரியாம எழுதிட்டேன். கவனக்குறைவு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷமும் இப்படியேதான் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். இப்படியேதான், ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்றாள் டீச்சர். பள்ளிக்குத் தெரியுமா என்றார். தெரிய வேண்டாமே, நமக்குள் இருக்கட்டுமே என்று டீச்சர் கெஞ்சினாள். அவர் எதையோ நீளமாக எழுதிக்கொண்டார். வெறும் கடிதம் போதாது, சான்று வேண்டும் என்றார். எந்தச் சான்றானாலும் பதினாலில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதே வார்த்தை இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது.

மயக்கம் இல்லை என்பதற்கு யார் சான்று தருவார்? டாக்டர்தான். ஒட்டகமே ஒரு டாக்டரைப் பிடித்துக் கொடுத்தார். இங்கிலீஷில் எழுதித் தருவார், ஆனால் சும்மா தர மாட்டார், பரிசோதித்துவிட்டுத்தான் தருவார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். இரண்டு குப்பி ரத்தம் எடுத்தார். நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டினார். மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னார். பிறகு ஒரு பலகையில் படுக்க வைத்துத் தலைகீழாகச் சாய்த்து, சட்டென்று நிமிர்த்தினார்.

நிமிர்த்தியதும் டீச்சருக்குச் சுவர் நகர்ந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. நாற்பத்தொன்பது வருஷம் வராத மயக்கம் இன்றைக்கா வர வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் தொங்கிய டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றுகிறதா என்று அவர் கேட்டார். இல்லை, துணி நல்ல துணியாக இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறேன் என்றாள்.

சான்றிதழ் கிடைத்தது. ‘இவர் ஒருபோதும் பாஸ் அவுட் ஆனதில்லை.’ அதே வார்த்தை, எழுத்து மாறாமல். பதினாலாம் தேதி அதைக் கொண்டு போய் நீட்டினாள். கழுத்துப்பட்டைக்காரர் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இதை டாக்டர் எப்படிம்மா சொல்லலாம்? அவருக்கு என்ன தெரியும்?”

“அவருக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்?”

“அந்த மூணு வருஷம் போட்டிருந்தீங்களே, அப்ப எங்க இருந்தீங்க?”

“காலேஜுல.”

“அப்ப அங்கேருந்து வரணும். அசல் வரணும். முத்திரை வேணும்.”

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகவே டீச்சருக்குப் பட்டது. இந்தந்த வருஷம் விழுந்தேன் என்று எழுதியவள், விழவில்லை என்கிறாள். அந்தந்த வருஷம் கூட இருந்தவர்கள்தானே சொல்ல வேண்டும்? நல்ல வேளை, மூன்று பட்டமும் ஒரே வளாகம். மதியச் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது; மாமியாரும் கேட்டாள்.

“மயங்கினதே இல்லையா? கல்யாணத்தன்னைக்கு மேடையிலயே சாஞ்சாளே, அதையும் எழுதச் சொல்லுடா” என்றாள் மாமியார்.

“அத்தை, அதைப் போய் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது புழுக்கத்துல வந்தது.”

“புழுக்கமா?” என்றார் வீட்டுக்காரர். “என்னைப் பார்த்து மயங்கிட்டேன்னுதானே இத்தனை வருஷமாச் சொன்னே?”

“என்னங்க, இப்ப உங்களுக்கு எது வேணும்? நான் மயங்கினதா, எனக்கு வேலை இருக்கிறதா?”

மூன்று மாதத்தில் ஓடி வருவாள் என்று சொன்ன மனுஷன் அவர். இதோ, அவள் வராமல் இருப்பதற்கு அவரே பஸ் ஏற வேண்டும். சரி, நாளைக்குக் காலேஜுக்குப் போகிறேன் என்றார். போனை வைக்கும் முன், அங்கே குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா என்றும் கேட்டார். டீச்சர் ஆசிரியர் அறையில் யாரும் பார்க்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

காலேஜில் அதே பெரிய கிளார்க்தான் இன்னும் இருந்தார். ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி. வீட்டுக்காரர் அவர் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு போனை அவரிடம் கொடுத்துவிட்டார்.

“ஏம்மா, மூணு தடவ பாஸ் அவுட் ஆன பொண்ணு நீ. நானே மூணு தடவ ரிஜிஸ்டர்ல பேர் எழுதியிருக்கேன். ஆகவே இல்லைன்னு எப்படிம்மா கொடுக்கிறது?”

“அது நம்ம ஊரு இங்கிலீஷ் சார். நிஜ இங்கிலீஷ்ல பாஸ் அவுட்னா மயங்கி விழறது.”

பெரிய கிளார்க் எழுந்து ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார்.

“அப்ப நம்ம காலேஜ் வாசல்ல, இதுவரைக்கும் நாப்பதாயிரம் பேர் பாஸ் அவுட்டுன்னு போர்டு வெச்சிருக்கோமே?”

“கழட்டிடுங்க சார்.”

படித்து முடித்தவர் என்றும் சேர்த்து ஒரு வரி போடட்டுமா, பார்க்கக் கௌரவமாக இருக்குமே என்று அவர் நல்லெண்ணத்தோடு கேட்டார். வேண்டாம் சார், ஓர் எழுத்து கூடினாலும் இங்கே செல்லாது, சொன்னதை மட்டும் எழுதுங்கள் என்று டீச்சர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். பிரின்சிபால் கையெழுத்துப் போடுவாரா என்று அவளுக்குச் சந்தேகம். அவர் எதையும் படித்துப் பார்க்கிற ஆள் இல்லை, கவலைப்படாதே என்றார் பெரிய கிளார்க். வீட்டுக்காரர் அந்தக் கடிதத்துக்காக மூன்று நாள் அலைந்தார். கூரியரில் அனுப்பிவிட்டு, அனுப்பிய சீட்டைப் படம் எடுத்தும் அனுப்பினார்.

இதற்குள் இங்கே வேறு பூதம் கிளம்பிவிட்டது. இருபத்திரண்டாம் தேதி தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினாள். மெல்லிய குரலில் பேசும் மனுஷி. அவள் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அன்று அவள் மேசை மேல் காப்பீட்டு அலுவலகத்துக் காகிதம் ஒன்று கிடந்தது.

“பதினாலு பத்தி எழுதியிருக்காங்க. நிஜமா டீச்சர்?”

ஒட்டகம் காட்டிக்கொடுத்துவிட்டதா? இல்லை, இது அலுவலகத்து வேலை. தன் இங்கிலீஷ் தப்பு சந்தி சிரிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு டீச்சர் தலையைக் குனிந்தாள்.

“நிஜம்தாங்க. ஒண்ணுகூடக் கிடையாது. மூணுன்னு தப்பா எழுதிட்டேன்.”

“எங்ககிட்ட முதல்ல கொடுத்த காகிதமெல்லாம்?”

“அதுலயும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எல்லாம் ஒரே தப்பு.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். நீங்கள் பாடம் எடுப்பதைக் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன், பிள்ளைகள் உங்களிடம் ஒட்டிக்கொண்ட மாதிரி யாரிடமும் ஒட்டிக்கொண்டதில்லை என்றாள். இந்த ஊரில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை, காப்பீட்டு அலுவலகம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்றாள். ஒரே ஒரு வார்த்தைத் தப்புக்கு இவ்வளவா என்று டீச்சருக்கு நெஞ்சு விம்மியது. எல்லாச் சான்றும் கொண்டுவந்துவிடுகிறேன், எனக்குக் கிடையவே கிடையாது என்பதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிடுகிறேன் என்று உறுதி சொன்னாள். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அதற்குப் பிறகு டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நிறுத்தம் தவறி இறங்கினாள். வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, நீங்கள் அடுத்த வருஷமும் எங்களுக்குத்தானே வருவீர்கள் என்று கேட்டதற்கு, இறந்தகாலத்தில் பதில் சொல்லிவிட்டு, பிறகு எதிர்காலத்துக்குத் திருத்தினாள். மேசை இழுப்பறையைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். உள்ளே இரண்டு பேனாவும் ஒரு சீப்பும்தான். இருந்தாலும் பூட்டினாள்.

ஒட்டகத்துக்கு மனசு கேட்கவில்லை. கடைசி ஆணியாக, சத்தியப் பிரமாணம் ஒன்று எழுதி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். போட்டார்கள். ‘பிறந்த நாள் முதல் இன்று வரை, எந்த ஊரிலும், எந்த நிறுவனத்திலும், நான் பாஸ் அவுட் ஆனதில்லை, ஆனதாக இதற்கு முன் சொன்னதெல்லாம் பொய்.’ ஒட்டகம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வக்கீல் இரண்டு தடவை படித்தார். உள்ளூர்க்காரரான அவர், இதை நீங்களாகத்தான் சொல்கிறீர்களா, யாரும் மிரட்டவில்லையே என்று கேட்டார். நானாகத்தான், மனமார என்றாள் டீச்சர்.

இருபத்தெட்டாம் தேதி கூரியர் வந்தது. காலேஜ் பெயர் அச்சடித்த காகிதம், பிரின்சிபால் கையெழுத்து, நீல முத்திரை. ‘இவர் எங்கள் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் இருந்தார். ஒரு முறைகூடப் பாஸ் அவுட் ஆகவில்லை என்று சான்றளிக்கிறோம்.’ டீச்சர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, அலுவலகம் திறக்கும் முன்பே மூன்றாவது மாடியில் போய் நின்றாள். ஒட்டகமும் கூடவே வந்து நாற்காலி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மறுகோடியில் இருந்தவர் எழும்பி உட்கார்ந்தார். டீச்சர் டாக்டர் சான்று, காலேஜ் கடிதம், சத்தியப் பிரமாணம் மூன்றையும் கண்ணாடிக்கு அடியில் நுழைத்தாள்.

கழுத்துப்பட்டைக்காரர் அவசரப்படவில்லை. விரல் வைத்து ஒன்று, விரல் வைத்து இரண்டு, விரல் வைத்து மூன்று. எல்லாவற்றிலும் அதே இரண்டு வார்த்தை, எல்லாவற்றிலும் ‘இல்லை’. பிறகு அவர் எழுந்து நின்றார். அத்தனை நாளில் அவர் எழுந்து அவள் பார்த்ததில்லை.

“முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். பதினாலுல இவ்வளவு நேர்மையா எழுதிக் கொடுத்தவங்க யாருமே இல்லம்மா.”

டீச்சருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. திரும்பி ஒட்டகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒட்டகம் கையைத் தூக்கினார், விளக்கில் இடித்துக்கொண்டார். முத்திரை விழும் சத்தம் கேட்டது. இரண்டு முறை. காகிதம் கண்ணாடிக்கு அடியில் வந்தது.

விரல் வைத்துப் படித்தாள். முதல் வார்த்தை, காப்பீடு. இரண்டாவது, மறுப்பு. கீழே இன்னொரு வரி. ஆசிரியர். பணி. அனுமதி. கடைசி வார்த்தை அவளுக்குத் தெரியாது. ஆனால் அதைச் சிவப்பு முத்திரையாக அடித்திருந்தார்கள்.

மயக்கமே கிடையாது என்று நிரூபித்ததற்கா இது? டீச்சருக்கு எங்கிருந்துதான் ஆவேசம் வந்ததோ. வார்த்தை தெரியாவிட்டால் என்ன, நடித்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தாள். நெற்றியில் கை வைத்தாள். கண்ணை மேலே செருகினாள். முழங்கால் மடங்கி, பிளாஸ்டிக் நாற்காலி மேல் அப்படியே சரிந்தாள். எட்டு நாற்காலியும் ஆடின. யாரோ தண்ணீரோடு ஓடி வந்தார்கள். உடனே எழுந்து நின்று, கண்ணாடியைத் தட்டிச் சொன்னாள்.

“பாருங்க, இது. இது எனக்கு வந்ததே இல்லை. ஒரு தடவைகூட வந்ததில்லை. இதுக்குத்தானே இத்தனை சான்று கொண்டுவந்தேன்?”

கழுத்துப்பட்டைக்காரர் ஒன்றும் விளங்காமல், ஆள் முழுதாகத் திரும்பி, நகல் எடுக்கும் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் இயந்திரத்தின் மூடியைச் சாத்தினாள். கண்ணாடி ஓரத்துக்கு வந்து டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அடப் பாவமே, மயக்கத்தைப் பத்தி இங்க யாரும்மா கேட்டா? என்னென்ன பட்டம், எந்த வருஷம் வாங்கினீங்கன்னு கேக்கிறதுதான் பதினாலு. அதை எங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்ததே உங்க ஊர்லேருந்து வந்த டீச்சர் ஒருத்தர்தான்.”